செப்டம்பர் 10 நிகழ்ச்சில பேசக் கூப்பிட்டிருக்காங்க, போறதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டு வாங்கணும்?

மருதாணி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷம் முன்னாடி உயிரை விட முயற்சி பண்ணி பிழைச்சவ நான். இந்த ஒரு வரிய இங்க எழுதவே ரெண்டு நாள் ஆச்சு. இப்ப மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் ஒழுங்கா போயி நல்லா இருக்கேன், வேலைக்கும் போறேன். பக்கத்து ஊர் காலேஜ்ல தற்கொலை தடுப்பு நாளுக்கு வந்து பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. போகணும்னு ஆசை இருக்கு, ஆனா போன வருஷம் வேற ஒரு இடத்துல நடந்தது இன்னும் உள்ள கிடந்து அரிக்குது.

மேடை ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒருத்தர் வந்து "கொஞ்சம் உருக்கமா சொல்லுங்கம்மா, பசங்க மனசுல தைக்கணும்"னார். பேசிட்டு இருக்கும்போதே ஒரு பையன் எழுந்து எப்படி பண்ணீங்கன்னு கேட்டான், மேடைல அஞ்சு பெரியவங்க இருந்தாங்க ஒருத்தரும் தடுக்கல, எனக்கு கை நடுங்குச்சு, தண்ணி குடிக்கிற மாதிரி சமாளிச்சேன். முடிஞ்சதும் சால்வை, மரக்கன்னு, குரூப் போட்டோ. பஸ் ஸ்டாண்டுக்கு மரக்கன்னத் தூக்கிக்கிட்டு நானே நடந்து வந்தேன். அன்னிக்கு ராத்திரி கூட பரவால்ல, மூணாவது நாள்தான் ரொம்ப மோசம், பழைய நினைப்பெல்லாம் வரிசையா வந்து நிக்குது, ஒருத்தர் கூட எப்படிம்மா இருக்கேன்னு கேக்கல. ஒரு வாரம் கழிச்சு போன் வந்துச்சு, வீடியோ லிங்க் அனுப்பிருக்கோம் ஷேர் பண்ணுங்கன்னு. அந்த வீடியோ எங்க அக்கா மாமியார் வீடு வரைக்கும் போயிருச்சு.

இன்னொன்னும் சொல்லணும். பேசி முடிச்சு வர்றப்ப வராண்டால ஒரு பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு "எனக்கும் அப்படித்தான்க்கா இருக்கு"ன்னா. யோசிக்காம என் நம்பரக் குடுத்துட்டேன். அஞ்சு மாசம் ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு போன் வரும், எடுக்காம விட்டா அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோன்னு போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டே படுப்பேன். அவ இப்ப நல்லா இருக்கா, அது போதும் எனக்கு. ஆனா அந்த அஞ்சு மாசம் நான் எப்படி இருந்தேன்னு யாருக்கும் தெரியாது.

அதனாலதான் கேக்குறேன், இந்த தடவை போகணும்னா முன்னாடியே என்னென்ன பேசி முடிவு பண்ணிக்கணும்?

மாடரேட்டர்

இழைய படிக்கிற யாருக்காவது இப்பவே மனசு தாங்கலைன்னா, பதில் எழுதுறத விட்டுட்டு முதல்ல பேசுங்க. டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டுல 104, ஸ்நேகா 044-24640050. இலங்கைல 1926. ஆஸ்திரேலியால 13 11 14. எந்த முறைன்னு யாரும் விவரிக்காதீங்க, அப்படி வர்ற பதிவ எடுத்துருவோம்.

முல்லைப்பந்தல்

மருதாணி, உங்க வராண்டா கதைதான் என்னை உக்கார வச்சு எழுத வைக்குது. சென்னைல ஒரு உதவி மையத்துல வாலன்டியரா இருக்கேன், பல வருஷமா போன் எடுக்கிறேன். நாங்க யாரும் சொந்த நம்பரக் குடுக்க மாட்டோம். அது கல்நெஞ்சு இல்லம்மா. ஷிப்ட் முடிஞ்சா அடுத்தவங்க எடுப்பாங்க, அந்த லைன் எப்பவும் ஒரு ஆள் கையில இருக்கும், ஒரே ஆள் கையில இருக்காது. கஷ்டமான கால் வந்துச்சுன்னா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கூட இருக்கிற சீனியர் கிட்ட உக்காந்து பேசிட்டுத்தான் கிளம்பணும், இறக்கி வச்சுட்டுப் போன்னு சொல்லுவாங்க. இத்தனைக்கும் நாங்க ட்ரெயினிங் எடுத்தவங்க. உங்களுக்கு இது எதுவுமே இல்லாம, அதுவும் நீங்களே பிழைச்சு வந்த இடத்துல நின்னுக்கிட்டு, அஞ்சு மாசம் தனியா ஒரு லைன் நடத்தியிருக்கீங்க.

அந்த மாதிரி பேச்சு முடிஞ்சா யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் தேடி வரும். நடக்குமோ நடக்காதோன்னு இல்ல, நடக்கும்னு வச்சுத்தான் ஏற்பாடு பண்ணணும். ஹால் பின்னாடி கவுன்சிலர் ஒருத்தர் உக்காந்திருக்கணும், அவர் யாருன்னு ஆரம்பத்துலயே எழுந்து நிக்க வச்சு காட்டிரணும். பிள்ளை வந்தா நீங்க செய்ய வேண்டியது கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போயி அவர்கிட்ட ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆளு இல்லைன்னா மைக் புடிக்காதீங்க.

சேலத்துக்காரன்

நான் பிழைச்சவன் இல்ல, இழந்தவன். என் பொண்ணு போயி ஆறு வருஷம். ப்ளஸ் டூ முடிச்ச வருஷம்.

ஒவ்வொரு வருஷமும் நீட் ரிசல்ட் வர்ற சமயத்துல எனக்கு போன் வரும். சேனல்காரங்க, யூட்யூப் பசங்க, சில சமயம் பொது நிகழ்ச்சி நடத்துறவங்க. "ஐயா ஒரு ரெண்டு நிமிஷம் பேசுங்க, நாலு பிள்ளைங்கள காப்பாத்துன மாதிரி இருக்கும்"னு சொல்லுவாங்க. அந்த வார்த்தைய சொன்னா எந்த அப்பன்யா மாட்டேன்னு சொல்லுவான்? முதல் வருஷம் போனேன், பொண்ணு போட்டோவ பெரிசா பின்னாடி திரைல போட்டு வச்சிருந்தாங்க, எனக்கு முன்கூட்டி சொல்லவே இல்ல, திரும்பிப் பாத்தேன் அவ்வளவுதான், என்ன பேசினேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. என் சம்சாரம் டிவில பாத்துட்டு ரெண்டு நாள் எந்திரிக்கல.

2019ல பிரஸ் கவுன்சில் வழிகாட்டு நெறி போட்டுச்சு, தற்கொலை செய்திய பெரிசா முன்னாடி போடாத, முறைய சொல்லாத, போட்டோ வீடியோ போடாதன்னு. அது செய்திக்கு. நிகழ்ச்சிக்குன்னு கூப்பிட்டு எங்கள மாதிரி ஆளுங்கள உக்கார வைக்கிறாங்களே, அதுக்கு யார் என்ன நெறி போட்டுருக்காங்க?

நான் பேசவே மாட்டேன்னு சொல்லல. என் பொண்ணு நினைவு நாள் வர்ற மாசத்துல கூப்பிடாதீங்க, பிறந்த நாள் மாசத்துல கூப்பிடுங்க, அவ எப்படி இருந்தான்னு பேசுறேன், மார்க்க பத்தி நாங்க வீட்டுல என்ன பேசியிருக்கக் கூடாதுன்னும் பேசுறேன். எந்த தேதி சரிப்படும் ஐயான்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்ல.

மருதாணி

ஐயா... உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எனக்கும் செப்டம்பர் ரொம்ப பக்கத்துல வருது, என்னோட அந்த நாளும் அதே மாசம்தான். இதை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்லையேன்னு இப்பதான் தோணுது. நன்றி ஐயா.

கோவை_வாத்தியார்

நான் அந்தப் பக்கத்து ஆள். காலேஜ்ல என்எஸ்எஸ் பாக்கிறேன், இந்த மாதிரி நிகழ்ச்சி நாலஞ்சு நடத்தியிருக்கேன். மருதாணி சொன்ன "கொஞ்சம் உருக்கமா சொல்லுங்க"ங்கிற வார்த்தைய நானும் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன், படிச்சப்ப உடம்பே கூசிருச்சு.

ஏன் அப்படி சொன்னேன்னா, 2022 கணக்குப்படி தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர் தற்கொலைல போயிருக்காங்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போட்ட கணக்கு, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். நம்ம காலேஜ்லயே ஒரு பையன் போனதுக்கு அப்புறம் எதையாவது செஞ்சே ஆகணும்னு ஒரு பதட்டம், புள்ளிவிவரம் போட்டா பசங்க போனை நோண்டுறாங்க, ஒரு ஆள் வந்து தன் கதைய சொன்னா ஹால் அப்படியே அமைதியாகுது. அந்த அமைதிய பாத்து நிகழ்ச்சி ஜெயிச்சுருச்சுன்னு நினைச்சேன். பேசினவர் எப்படி வீட்டுக்குப் போனார்னு நான் பாக்கல. நேத்து அவருக்கு போன் பண்ணேன். நல்லா இருக்கார். மன்னிப்பு கேட்டேன், "பரவால்ல சார், அடுத்த தடவை கேள்விய சீட்டுல எழுதி வாங்கி நீங்க படிச்சுப் பாத்துட்டு குடுங்க"ன்னார். இவ்வளவு எளிசா ஒரு வழி இருந்திருக்கு, நான் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பார்.

நள்ளிரவு_ரயில்

எல்லாரும் நல்லா பேசுறீங்க, ஆனா ஒரு சந்தேகம். இவ்வளவு ஆபத்து இருக்குன்னா எதுக்கு அவங்கள பேச வைக்கணும்? டாக்டர் பேசட்டுமே. புண்ண கிளறி ஊருக்கு காட்டி என்ன ஆகப் போகுது, கேக்குற பிள்ளைக்கும் அந்த எண்ணம் வந்துட்டா?

முல்லைப்பந்தல்

நியாயமான பயம் சார். என்ன பேசுறாங்கங்கிறதுதான் இதுல விஷயமே. வியன்னாவுல இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் பத்திரிகைச் செய்திகள எடுத்து ஆராய்ஞ்சு 2010ல ஒரு ஆய்வு போட்டாங்க, ஒருத்தர் தற்கொலை எண்ணத்துல இருந்து எப்படி சமாளிச்சு வெளிய வந்தார்னு எழுதுன செய்திகளுக்கு அப்புறம் தற்கொலை குறைஞ்சிருந்துச்சு. ஒரே செத்துப்போன செய்தியா திரும்பத் திரும்ப போட்டப்ப கூடியிருந்துச்சு. அப்ப அந்த ராத்திரிய விட, மறுநாள் காலைல யார் கஞ்சி வச்சுக் குடுத்தாங்கங்கிறதுதான் கேக்குற பிள்ளைக்கு உதவும். டாக்டருக்கு வியாதி தெரியும், மறுநாள் காலைய எப்படி கடந்தோம்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். லிவ்டு எக்ஸ்பீரியன்ஸ்னு வெளிநாட்டுல சொல்றாங்க, நம்மகிட்ட அதுக்கு எப்பவோ வார்த்தை இருக்கு, பட்டறிவு.

பேசுறவங்களுக்கும் இதுல நல்லது இருக்கு. அந்த ராத்திரிக்குள்ள திரும்பப் போக வேண்டியதில்ல.

சுடர்

பாதுகாப்பு பாதுகாப்புன்னு எல்லாரும் பேசுறீங்க, இன்னொரு பக்கத்தையும் கேளுங்க.

ஒரு அமைப்புல என்னை ஆலோசனைக் குழுல சேர்க்கிறோம்னு சொல்லி கூப்பிட்டாங்க, மாவட்ட அளவுல தற்கொலை தடுப்புக்கு என்ன செய்யலாம்னு பேசுற குழு. சந்தோஷமா போனேன். போனா எனக்கு மட்டும் ஒரு பேப்பர் குடுத்தாங்க, மனநல டாக்டர்கிட்ட "கலந்துகொள்ளத் தகுதியானவர்"னு கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு. அந்த மேசைல பன்னெண்டு பேர், மத்த பதினோரு பேருக்கும் பிரச்சினையே வந்ததில்லையா? எனக்கு மட்டும் பிட்னஸ் சர்டிபிகேட்டா? அப்புறம் மீட்டிங்ல நான் கொஞ்சம் கோவமா ஒரு கருத்து சொன்னேன், ஆஸ்பத்திரி எமர்ஜென்சில எங்கள எப்படி நடத்துறாங்கன்னு, உடனே ஒரு மேடம் "உங்களுக்கு கஷ்டமா இருந்தா வெளிய போய் ரெஸ்ட் எடுங்க"ன்னாங்க. எனக்கு கஷ்டமா இல்ல மேடம், கோவம், ரெண்டும் வேற. நான் சொன்னதுக்கு பதில் சொல்லாம என் உடம்பு நலத்த விசாரிக்கிறது பாதுகாப்பு இல்ல, வாயை மூட வைக்கிறது. மினிட்ஸ்ல என் கருத்து ஏறவே இல்ல, "அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார்"னு ஒரு வரி. நான் பகிர்ந்துக்க வரல, முடிவெடுக்க வந்தேன்.

மாற்றுத்திறனாளி இயக்கத்துல பல வருஷமா சொல்றாங்க, எங்களப் பத்தி எங்கள விட்டுட்டு எதுவும் பேசாதீங்கன்னு. இங்க எங்கள உக்கார வச்சுக்கிட்டே எங்கள விட்டுட்டுப் பேசுறாங்க.

ஊதா_குடை

சுடர் தம்பி, நான் மனநல சமூகப் பணியாளர், இந்த மாதிரி குழுக்கள்ல உக்காந்திருக்கேன், அதனால உன் கோவம் எங்க மேலயும்தான்னு எடுத்துக்கிறேன். நீ சொன்னது முழுக்க சரி. டாக்டர் கையெழுத்து வாங்கச் சொல்றது உன்னைப் பாதுகாக்க இல்ல, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க மேல பழி வராம இருக்க.

நான் இப்ப செய்யறத சொல்றேன், சரியான்னு நீயே சொல்லு. நிகழ்ச்சிக்கோ மீட்டிங்குக்கோ பத்து நாள் முன்னாடி ஒரு டீ குடிச்சுக்கிட்டு அவங்ககிட்டயே கேட்டுருவேன். உங்களுக்கு மனசு சரியில்லாம போகுதுன்னா அது வெளிய எப்படித் தெரியும்? ஒருத்தர் பேச்சு நின்னுரும்னார், ஒரு அக்கா ரொம்ப சிரிச்சா சந்தேகப்படுன்னாங்க. அப்ப நான் என்ன செய்யட்டும், கூட உக்காரவா, தனியா விடவா, யாருக்கு போன் பண்ணட்டும், யாருக்கு பண்ணவே கூடாது? கடைசி கேள்விதான் முக்கியம், ஏன்னா நாம பாட்டுக்கு வீட்டுக்கு போன் போட்டுருவோம், வீட்டுலதான் பிரச்சினையே இருக்கும். இதையெல்லாம் எழுதி அவங்க கையில ஒண்ணு, என் கையில ஒண்ணு. குழுல இருக்கிற எல்லாருக்கும் இதே கேள்விதான், டாக்டருக்கும் சேர்த்து. போன தடவை ஒரு டாக்டர் தன் மாணவர் ஒருத்தர இழந்தத சொல்லி அழுதுட்டார், அது வரைக்கும் அவருக்கும் பட்டறிவு இருக்குன்னு எங்க யாருக்கும் தோணல.

சுடர்

எல்லாருக்கும் ஒரே கேள்வின்னா சரிக்கா. அது போதும்.

வண்ணத்துப்பூச்சி

வணக்கம் தங்கச்சி மருதாணி. என்ர ஊர் யாழ்ப்பாணம், இப்ப மெல்பர்ன்ல இருக்கிறன். தம்பியை இழந்து ஒன்பது வருஷம். இஞ்ச ரோசஸ் இன் தி ஓஷன் எண்டு ஒரு அமைப்பு இருக்கு, 2008ல தன்ர சகோதரனைப் பறிகுடுத்த பிரான்வென் எட்வர்ட்ஸ் எண்டவ தொடங்கினது. முயற்சி செய்து பிழைச்ச ஆக்கள், அந்த எண்ணத்தோட வாழுற ஆக்கள், அவையைப் பாத்துக்கொள்ளுற ஆக்கள், இழந்த ஆக்கள் எண்டு நாலு பேரையும் அனுபவம் உள்ள ஆக்களாத்தான் கணக்கில எடுப்பினம். மேடையில ஏத்த முதல் பயிற்சி இருக்கு. கதையை எப்பிடிச் சொல்லுறது எண்டது மட்டுமில்லை, இப்ப சொல்லுற நேரம்தானா எண்டு தன்னைத்தானே கேட்டுப் பாக்கிறதும் அதில ஒரு பங்கு. இப்ப வேண்டாம் எண்டு முடிவெடுத்தா அது தோல்வி இல்லை, வாசிச்சுத் திருத்திக் குடுக்கிற வேலை, போஸ்டர் பாக்கிற வேலை எண்டு முகம் தெரியாமல் செய்யிற வேலையும் இருக்கு.

ஆனா எங்கட தமிழ்ச் சனத்துக்க வேற பிரச்சினை. தமிழில கதைக்க ஆள் வேணுமெண்டு கூப்பிட்டா, மொழிபெயர்க்க வாற ஆள் கோயில்ல காணுற ஆளா இருக்கும். நான் ஒருக்கா வாய் திறந்து கதைச்சதைப் பிறகு இன்னொரு வீட்டுப் பிறந்தநாளில கேட்டன். அதுக்குப் பிறகு போகேக்க, ஆர் மொழிபெயர்க்க வருகினம் எண்டு பேர் கேட்டிட்டுத்தான் ஓம் எண்டு சொல்லுவன்.

நள்ளிரவு_ரயில்

காசு குடுக்கிறாங்களா அங்க? நம்ம ஊர்ல இதுக்கு காசு வாங்கினா சோகத்த விக்கிறான்னு சொல்லிருவாங்களே.

வண்ணத்துப்பூச்சி

குடுக்கிற இடங்கள் கனக்க இருக்கு, எழுத்தில கொள்கையே வச்சிருக்கினம். மேசையில இருக்கிற டாக்டருக்குக் காசு, எனக்கு மட்டும் புண்ணியமோ?

கோவை_வாத்தியார்

எங்க காலேஜ்ல சிறப்பு விருந்தினருக்கு ஒரு தொகை உண்டு, மோட்டிவேஷன் பேச்சாளருக்கு கார் அனுப்புறோம். இந்த மாதிரி வர்றவங்களுக்கு பஸ் காசு கூட குடுத்ததில்ல, கேட்டா "சேவை"ன்னு வாய் கூசாம சொல்லியிருக்கோம். இந்த வருஷம் அந்தத் தொகைய இவங்களுக்கும் போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். வேண்டாம்னு சொல்றது அவங்க விருப்பம்.

வக்கீல்_தம்பி

ரெண்டு விஷயம் யாரும் தொடல. ஒண்ணு, மேடைல சொன்னா போலீஸ் கேஸ் வருமான்னு நிறைய பேர் எனக்கு இன்பாக்ஸ்ல கேக்குறாங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 309 பிரிவு முயற்சி பண்ணதையே குற்றம்னு சொல்லுச்சு. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 115 பிரிவு, முயற்சி பண்ணவங்க கடும் மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு, அது 2018 மே மாசம் அமலுக்கு வந்துச்சு. 2024 ஜூலை 1ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதால 309 மாதிரி பொதுவான பிரிவே இல்ல. அரசு ஊழியர கட்டாயப்படுத்துறதுக்காக முயற்சி பண்ணா மட்டும் 226னு ஒண்ணு இருக்கு. அதனால அன்னிக்கு நான் இப்படி இருந்தேன்னு மேடைல சொல்றதுக்கு பயப்பட வேண்டியதில்ல. இலங்கைல 1998லயே குற்றம்ங்கிறத எடுத்துட்டாங்க.

ரெண்டாவது அந்த வீடியோ. மனநல சட்டம் 24வது பிரிவுப்படி மருத்துவமனைல சிகிச்சைல இருக்கிறவங்க போட்டோவோ விவரமோ அவங்க சம்மதம் இல்லாம மீடியாவுக்கு போகக் கூடாது. உங்க விஷயத்துக்கு அது நேரா பொருந்தாது, நீங்க பேசினது மேடைல. ஆனா 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல, சம்மதம் குடுக்கிறது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்கிக்கிறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு எழுதியிருக்கு. படிப்படியாத்தான் அமலுக்கு வருது, ஆனாலும் அந்த வரிய இப்பவே உங்க கடிதத்துல போட்டுருங்க. நேர்ல பேசுறதுக்கு சம்மதம், வீடியோவுக்கு சம்மதம், ஆன்லைன்ல போடுறதுக்கு சம்மதம், மூணும் தனித்தனி கையெழுத்து. ஒண்ணுக்கு சரின்னா மூணுக்கும் சரின்னு எடுத்துக்குவாங்க, அங்கதான் மாட்டிக்கிறோம். பழைய வீடியோவ எடுக்கச் சொல்லி ஒரு கடிதம் வேணும்னா எழுதித் தர்றேன், பீஸ் வேண்டாம்.

மருதாணி

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு நாளா ஒவ்வொரு பதிவா படிச்சு நோட்டுல எழுதி வச்சேன். முந்தாநாள் காலேஜ்க்கு ஒரு கடிதம் அனுப்பினேன். என் முழுப் பேர் போஸ்டர்ல வேண்டாம், ஊர் பேரும் வேண்டாம், அந்த நாளப் பத்தி நான் பேச மாட்டேன் அதுக்கு அப்புறம் நடந்தத மட்டும் பேசுவேன், கேள்வியெல்லாம் சீட்டுல, கவுன்சிலர் ஹால்லயே இருக்கணும், யாராவது என்கிட்ட வந்தா அவர்கிட்ட கூட்டிட்டுப் போறது வரைக்கும்தான் என் வேலை, அன்னிக்கு காலைல எனக்கு முடியலைன்னா வர மாட்டேன் காரணம் கேக்கக் கூடாது, அதுக்கு பதிலா ஒரு பேச்சாளர முன்னாடியே வச்சுக்கங்க, போய் வர செலவு, வீடியோ வேண்டவே வேண்டாம். அனுப்பிட்டு ரொம்ப பயமா இருந்துச்சு, திமிரு பிடிச்சவன்னு நினைப்பாங்களோன்னு.

நேத்து அந்த காலேஜ் மேடம் கூப்பிட்டாங்க. வீடியோ மட்டும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும்னு கொஞ்சம் இழுத்தாங்க, பேச்சு முடிஞ்சு காலி மேடைய போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம்னு சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் சரின்னுட்டாங்க. போஸ்டர எனக்கு முன்னாடியே அனுப்பினாங்க, இருட்டு ரூம்ல தலையப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு படம் போட்டிருந்தாங்க, மாத்தச் சொன்னேன். இப்ப ரெண்டு பேர் திண்ணைல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.

ஒண்ணுதான் இன்னும் முடிவாகல. மூணாவது நாள் போன் பண்றதுக்கு அவங்க பக்கத்துல யாரும் பொறுப்பா கிடைக்கல, பரீட்சை வேலை இருக்காம்.

சேலத்துக்காரன்

அம்மா, 13ம் தேதி ஞாயித்துக்கிழமை வருது. நான் வீட்லதான் இருப்பேன். உனக்கு சரின்னா மாடரேட்டர் மூலமா நம்பர் குடு, சாயங்காலம் நானும் என் சம்சாரமும் பேசுறோம்.

ஊதா_குடை

ஐயா, நீங்க பேசினதுக்கு அப்புறம் திங்கக்கிழமை நான் உங்களுக்கு பேசுறேன்.